நாடு போரில் இருக்கும்போது விசுவாசி அதை எதிர்க்கலாமா? 2003 ஈராக் போரை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியபோது, டெக்சஸில் நீங்கள் போய்க்கொண்டிருந்த சபையில் அதிபருக்காகவும் படைகளின் வெற்றிக்காகவும் ஜெபித்தார்கள். போர் நிற்க வேண்டும் என்றும் ஜெபிக்கலாமே என்று உங்கள் கணவர் எழுந்து கேட்டார். அவர்கள் ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி, மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாதவர் என்றார்கள். பிழைக்க வந்த நாட்டுக்கு நன்றியில்லாதவர் என்றும் சிலர் சொன்னார்கள். நீங்கள் அந்தச் சபையை விட்டு விலகினீர்கள். இப்போது உங்கள் மகன் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்கிறான். பழைய பேச்செல்லாம் வீட்டில் மறுபடி கிளம்பியிருக்கிறது. விசுவாசியாகவும் நாட்டை நேசிப்பவராகவும் இருந்துகொண்டே, நாடு நடத்தும் ஒரு போரை எதிர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: அன்று உங்கள் கணவர் செய்தது தவறா? தவறில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவரைக் கண்டித்தவர்களிடமும் ஒரு வாதம் இருந்தது. அதைக் காதில் வாங்காமல் தள்ளிவிடுவது நியாயமில்லை.

நான் இறையியல் கல்லூரியில் கிறிஸ்தவ அறவியல் பல ஆண்டுகள் கற்பித்தவன். போரும் மனசாட்சியும் பற்றிய பாடத்தில் ஈராக் போரை ஒவ்வொரு ஆண்டும் எடுத்துக்கொள்வேன். ஒரே வேதாகமம், ஒரே கோட்பாடு, ஒரே சில மாதங்கள், அதற்குள் நேர் எதிரான முடிவுகள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் நான் வழக்கறிஞன் இல்லை. கடைசியில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லும் சட்ட விஷயங்களை, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரோமர் 13இலிருந்து தொடங்கலாம். “எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்” என்பது பவுலின் வார்த்தை. அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியை ஏழாம் வசனம் வரை படித்தால், பவுல் விசுவாசிகளிடம் என்னென்ன கேட்கிறார் என்று தெரியும்: நன்மை செய்வது, வரியும் தீர்வையும் கட்டுவது, பயப்பட வேண்டியவருக்குப் பயப்படுவது, கனம்பண்ண வேண்டியவரைக் கனம்பண்ணுவது. அரசன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சரிதான் என்று ஒப்புக்கொள்ளும்படி எங்கேயும் கேட்கவில்லை. அதற்குச் சற்று முன்னால், 12ஆம் அதிகாரத்தின் முடிவில், சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனம் கொடு என்று எழுதியவரும் அதே பவுல்தான். அவர் இதை எழுதியது நீரோவின் காலத்து ரோமாபுரியில் இருந்த ஒரு சிறிய கூட்டத்துக்கு. அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது, அரசனிடம் கருத்துச் சொல்ல வழியும் கிடையாது. உங்கள் கணவருக்கு அரசியல் சட்டம் அந்த இரண்டையும் கொடுத்திருந்தது. அவர் வரி கட்ட மறுக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. ஒரு ஜெபக்குறிப்பைச் சேர்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் பேதுருவும் மற்றவர்களும் “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்ன அளவுக்குக்கூட அவர் போகவில்லை. ஆகவே ரோமர் 13ஐ வைத்து அவரைக் குற்றவாளியாக்கியது வேதத்துக்குத் தப்பான பொருள் சொன்னதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அப்படியானால் போரைப் பற்றித் திருச்சபை என்னதான் சொல்லிவந்திருக்கிறது? மெனோனைட்டுகள், குவேக்கர்கள் போன்ற கிறிஸ்தவப் பிரிவினர் எந்தப் போரும் கூடாது என்றார்கள். பெரும்பான்மைத் திருச்சபைகள் பழங்கால ஆயர் அகஸ்தீனிலிருந்து வேறொரு வழியில் வந்தன: சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே போர் நியாயமானது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மூன்றைச் சொன்னார்: உரிய அதிகாரம் அறிவிக்க வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதை இன்னும் இறுக்குகிறது. எதிரி விளைவிக்கும் கேடு நீடித்ததாகவும் கொடியதாகவும் நிச்சயமானதாகவும் இருக்க வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் பலனற்றுப்போயிருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும். நீக்க நினைக்கும் தீமையைவிடப் பெரிய தீமை போரால் வந்துவிடக் கூடாது. புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோரும் ஏறத்தாழ இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கோட்பாடு கேள்விகளைத்தான் கொடுக்கும், விடையைக் கொடுக்காது. “நிச்சயமான கேடா?” என்று கேட்டால், அதற்கான விடை வேதாகமத்தில் இல்லை, உளவுத் தகவலிலும், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்களைத் தேடிய ஐநா ஆய்வாளர்களின் அறிக்கையிலும்தான் இருக்கிறது. விசுவாசத்தில் ஒன்றுபட்டவர்கள் தகவலை எடைபோடுவதில் பிரிந்துபோகலாம். 2002லும் 2003லும் நடந்தது பெரும்பாலும் அதுதான்.

தேதிகளைப் பாருங்கள். 2002 செப்டம்பர் 13 அன்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைவர் வில்டன் கிரிகரி அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 11 தாக்குதலுக்கும் ஈராக்குக்கும் தொடர்பு இருப்பதற்கோ, பெரிய தாக்குதல் ஒன்று உடனடியாக வரப்போகிறது என்பதற்கோ தெளிவான, போதுமான ஆதாரம் இல்லாமல் முந்திக்கொண்டு தாக்குவதை நியாயப்படுத்துவது கடினம் என்பது அதன் சாரம். மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 3 அன்று தெற்கத்திய பாப்டிஸ்ட் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லேண்ட் வேறு நான்கு நற்செய்தி இயக்கத் தலைவர்களின் கையெழுத்தோடு அதே அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினார். நியாயமான போருக்கான அதே நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாம் நிறைவேறியிருக்கின்றன, இது தற்காப்புதான் என்றது அந்தக் கடிதம். உரிய அதிகாரம் எது என்பதில் ஐநாவின் ஒப்புதல் கட்டாயமில்லை, அமெரிக்க அரசின் முடிவே போதும் என்றது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பிளவு எங்கே விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்: ஆபத்து எவ்வளவு நிச்சயம், அனுமதி யாரிடம் வாங்குவது. தேவபக்தியோ நாட்டுப்பற்றோ அங்கே வழக்கே இல்லை.

போப் இரண்டாம் ஜான் பால் 2003 ஜனவரி 13 அன்று வெளிநாட்டு அரசுகளின் தூதர்கள் கூட்டத்தில், போர் தவிர்க்க முடியாத ஒன்று அல்ல, அது எப்போதும் மனிதகுலத்தின் தோல்வி என்றார். மார்ச் 5, சாம்பல் புதன் அன்று, புஷ் குடும்பத்துக்கு முன்பே பழக்கமான கர்தினால் பியோ லாகியை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிப் பேசிப்பார்த்தார். புஷ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் தலைவர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். மார்ச் 20 ஈராக்கிய விடியலில் குண்டுகள் விழத் தொடங்கின.

இனி வருவதுதான் என் வகுப்பில் அதிக நேரம் எடுக்கும் பகுதி. அதே மாதத்தில் இரண்டு கத்தோலிக்க ஆயர்கள் எழுதிய இரண்டு கடிதங்கள். ஒஹாயோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிறிய ருமேனிய கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயர் ஜான் மைக்கேல் போட்டீன், தவக்கால மடலில், இந்தப் போரில் நேரடியாகப் பங்கெடுப்பதும் ஆதரிப்பதும் சாவான பாவத்துக்குரிய கொடிய தீமை என்று தம் மக்களுக்குத் திட்டவட்டமாக எழுதினார். அமெரிக்க ராணுவத்தினருக்கான பேராயர் எட்வின் ஓப்ரையனோ, போர் தொடங்கி ஒரு வாரத்துக்குள், படை ஆன்ம குருக்களுக்கு எழுதினார்: காரணங்கள் சிக்கலானவை, பல விஷயங்கள் வெளியே சொல்லப்படாதவை, ஆகவே தலைவர்கள் நேர்மையாகத்தான் முடிவெடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு வீரர்கள் நல்ல மனசாட்சியோடு கடமையைச் செய்யலாம். இருவரும் ஒரே திருச்சபையின் ஆயர்கள், இருவருக்கும் ஒரே மறைக்கல்வி நூல்தான். பாலைவனத்தில் கூடாரத்தில் படுத்திருக்கும் ஒரு கத்தோலிக்கப் படைவீரன் இரண்டையும் படித்திருந்தால் என்ன செய்திருப்பான்?

மறைக்கல்வி நூலிலேயே ஓப்ரையன் பக்கம் நிற்கும் ஒரு வரி உண்டு: இந்த நிபந்தனைகளை எடைபோடும் பொறுப்பு பொதுநலனைக் காக்கும் கடமையுள்ளவர்களுக்கு உரியது. போரை ஆதரித்த இறையியலாளர்கள் பிடித்துக்கொண்ட வரி இது. உளவு அறிக்கைகளைப் படிப்பவர்கள் அவர்கள். நமக்கு என்ன தெரியும் என்றார்கள். வலுவான வாதம்தான். உங்கள் சபையில் இருந்தவர்களும் இதைத்தான் தங்கள் மொழியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் எடைபோடும் கடமை அதிகாரிக்கு உண்டு என்பதால் கேள்வி கேட்கும் கடமை குடிமகனுக்கு இல்லை என்று ஆகிவிடாது. அந்த நூலே, மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்கு அரசு நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அரசு சொன்னதும் மனசாட்சி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால் அந்த வரிக்குப் பொருளே இல்லை.

என் முடிவைக் கேட்டால், 2003 மார்ச்சில் “நிச்சயமான கேடு” என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள், ஆகவே “கடைசி வழி” என்ற நிபந்தனையும் நிறைவேறவில்லை. பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று 2004இல் அமெரிக்க அரசின் சொந்த ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்தது. ஆனால் பின்னால் வெளிவந்ததை வைத்து முன்னால் முடிவெடுத்தவர்களைத் தீர்ப்பிடக் கூடாது. அன்று கையில் இருந்ததை வைத்துப் பார்த்தாலே போதாது என்பதுதான் என் வாதம். நேர்மையான ஒருவர் இதை மறுக்கலாம். ஈராக்கின் ஹலப்ஜாவில் 1988இல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குர்துகளை நச்சுவாயுவால் கொன்ற ஆட்சி சதாம் ஹுசைனுடையது. அந்த மக்களை நினைத்துப் போரை ஆதரித்தவர்கள் உண்டு; அவர்களை ரத்தவெறியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போரை எதிர்த்த கூட்டங்களில் ஹலப்ஜா என்ற பெயரையே எடுக்காமல் பேசியவர்களும் இருந்தார்கள். அது ஒரு குறைதான்.

இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கும் விஷயங்களையும் சொல்ல வேண்டும். வெள்ளையின நற்செய்திக் கிறிஸ்தவர்களிடையே போருக்கு ஆதரவு மற்றவர்களைவிட அதிகம் என்று அன்றைய கருத்துக்கணிப்புகள் காட்டின. கறுப்பினக் கிறிஸ்தவர்களிடையே ஆதரவு தெளிவாகவே குறைவு. இரண்டு கூட்டத்தாரும் ஒரே வேதாகமத்தை ஆர்வமாகப் படிப்பவர்கள். அப்படியானால் பிரித்தது விசுவாசமா, கட்சியா, அவரவர் வரலாறா? அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. கட்சிச் சார்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம், ஆனால் அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அதிபர் தம் விசுவாசத்தால்தான் போருக்குப் போனார் என்று சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. அவரது பேச்சில் வேதமொழி இருந்தது உண்மை. முடிவு எதனால் வந்தது என்பது வேறு கேள்வி.

நாட்டுப்பற்றுக்கு வருவோம். படைகள் கிளம்பும்வரை வாதம் நடக்கிறது. கிளம்பிய பிறகு “நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்” என்று எல்லா வாயையும் அடைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளை நேசிப்பதும் அவர்களை அனுப்பிய முடிவை ஒப்புக்கொள்வதும் ஒன்று என்று ஆக்கிவிட்டால், பெற்றவர்கள்தான் முதலில் பேச முடியாமல் போகிறார்கள். இது ஈராக்கோடு தொடங்கியதும் அல்ல. 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியபோது, பெரிய பத்திரிகைகள் மட்டுமல்ல, அவரோடு நின்ற கறுப்பினத் தலைவர்களிலும் பலர் அவரைக் கண்டித்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்றாம் நாள், படைபலத்தைப் பயன்படுத்தும் தீர்மானம் 420க்கு 1 என்று கீழவையில் நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு அவை உறுப்பினர் பார்பரா லீயுடையது. அன்று பகலில் வாஷிங்டன் பேராலயத்தில் நடந்த அஞ்சலி ஆராதனையில், நாம் செயல்படும்போது, நாம் வெறுக்கும் தீமையாக நாமே ஆகிவிடாதிருப்போமாக என்று ஒரு குருவானவர் ஜெபித்திருந்தார். அதைக் கீழவையில் திருப்பிச் சொல்லித்தான் லீ எதிர்த்து வாக்களித்தார். கொலை மிரட்டல்கள் வந்தன, காவல் போட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கு உண்டு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மையையே சொல்கின்றன, அதை நீர்த்துப்போகச் செய்யக் கூடாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே சபையாரின் பிள்ளைகளைக் கொடிவணக்கம் செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943இல் தீர்ப்பளித்தது. ஆண்டைக் கவனியுங்கள், இரண்டாம் உலகப் போரின் நடுவில்.

அன்றைய ஜெபங்களில் ஏறத்தாழ யாருமே பெயர் சொல்லாத ஒரு கூட்டம் ஈராக்கிலேயே இருந்தது: அங்கத்திய கிறிஸ்தவர்கள். கல்தேயர், அசீரியர், சீரியர் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சியுள்ள சபைகள். சதாமின் துணைப் பிரதமர் தாரிக் அஸீஸ்கூடக் கல்தேயக் கத்தோலிக்கர்தான். போருக்குமுன் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்ட அவர்களின் எண்ணிக்கை, பிறகு சில லட்சமாகச் சுருங்கியது. மோசுல் பேராயர் பவுலோஸ் ராஹோ 2008இல் கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார். 2010 அக்டோபர் 31 அன்று பாக்தாத் தேவாலயம் ஒன்றில் வழிபாட்டின் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2014இல் மோசுலில் கிறிஸ்தவர்களே இல்லை என்ற நிலை வந்தது. கொன்றவர்கள் தீவிரவாதிகள்; அந்தப் பழியை ஜெபித்தவர்கள் தலையில் நான் சுமத்தவில்லை. ஆனால் இந்த ஆபத்தைப் போருக்கு முன்பே எச்சரித்த கிறிஸ்தவக் குரல்கள் இருந்தன. உங்கள் கணவர் கேட்ட ஜெபத்தை ஏறெடுத்திருந்தால், அந்தச் சபை இந்த மக்களுக்காகவும் ஜெபித்ததாக ஆகியிருக்கும். அன்று உங்களை ஒதுக்கிய போதகரும் தம் சபைப் பிள்ளைகள் உயிரோடு திரும்ப வேண்டும் என்றுதான் மன்றாடியிருப்பார். அதை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.

இனி மகன். அவன் சேரக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது; ராணுவப் பணியையே பாவம் என்று பெரும்பான்மைத் திருச்சபைகள் சொல்வதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நியாயமான போர்க் கோட்பாடு இந்தப் போர் சரி, அந்தப் போர் தவறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்கச் சட்டம் அந்தப் பிரிப்பை ஏற்பதில்லை. வியட்நாமுக்குப் போக உத்தரவு வந்த லூயி நீக்ரே என்ற கத்தோலிக்க வீரர், தம் திருச்சபையின் போதனைப்படி இந்தப் போர் நியாயமற்றது என்று விடுவிக்கக் கேட்டார். 1971இல் கில்லெட் என்ற இன்னொருவரின் வழக்கோடு சேர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று மறுத்துவிட்டது: எல்லாப் போரையும் எதிர்ப்பவருக்குத்தான் விலக்கு, ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பவருக்கு இல்லை. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அமெரிக்க ஆயர்கள் இதை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், மாறவில்லை.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் வழி உண்டு, ஆனால் நீண்ட வழி. எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படை ஆன்ம குரு ஒருவரும் மனநல வல்லுநர் ஒருவரும் பேசிப் பார்ப்பார்கள். விசாரணை அதிகாரி ஒருவர் அறிக்கை எழுதுவார். ஜோஷுவா காஸ்டீல் என்ற அமெரிக்க வீரர் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் விசாரணையாளராக இருந்தார், பக்தியான கிறிஸ்தவர். ஒருநாள் அவர் விசாரித்த ஒரு சவூதி இளைஞன், உங்கள் இயேசு சத்துருவை நேசிக்கச் சொன்னாரே, மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே, நீ அதைச் செய்யவில்லையே என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்கு மேல் காஸ்டீலால் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. விண்ணப்பித்து, 2005இல் கௌரவமாக விடுவிக்கப்பட்டார். அவர் அடைந்த முடிவு எந்தப் போரிலும் பங்கில்லை என்பது, அதனால் சட்டத்துக்குள் அவருக்கு இடம் கிடைத்தது. “இந்தப் போர் மட்டும் வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது.

ஆகவே மகனை உட்கார வைத்து ரோமர் 13ஐயும் மேலே சொன்ன நிபந்தனைகளையும் அவனோடு படியுங்கள். உங்கள் கணவரும் கூட இருக்கட்டும். ஒப்பந்தத்தில் முதலில் சொல்லும் சில ஆண்டுகளோடு ரிசர்வ் காலத்தையும் (அழைத்தால் திரும்பப் போக வேண்டிய காலம்) சேர்த்தால் பொறுப்பு பொதுவாக மொத்தம் 8 ஆண்டுகள் வரும். ஆள்சேர்க்கும் அதிகாரியிடம் அதைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். நாளை அவனுக்கு நியாயமற்றது என்று தோன்றும் ஒரு போருக்கு அனுப்பினால் என்ன செய்வான் என்பதையும் அவனிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவன் கையெழுத்துக்கு முன்னால் பதில் வைத்திருக்க வேண்டும். பிறகு அதைக் கேட்க அவனுக்கு அவகாசம் கொடுக்க மாட்டார்கள்.